ஊர்ல இருக்கிற மாட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா? அடைமழைக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



உங்க பைக்குக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும், சட்டப்படி இருந்தாகணும். ஆபீஸ்ல குரூப் மெடிக்கல் இருக்கும். நம்ம சேனலைத் தொடர்ந்து பார்க்கிறவங்களா இருந்தா டேர்ம் பாலிசியும் எடுத்திருப்பீங்க. சிலர் போன் ஸ்கிரீன் உடைஞ்சா மாத்தறதுக்குக்கூட தனியா பிளான் வாங்கி வச்சிருப்பீங்க.

இப்போ ஒரு கேள்வி. ஊர்ல அப்பா கட்டி வச்சிருக்கிற ரெண்டு கறவை மாட்டுக்கு? அம்மா வளர்க்கிற இருபது ஆட்டுக்கு?

"அதெல்லாம் அப்பா பார்த்துப்பாரு"ன்னு சொல்லாதீங்க. மாடு செத்தா, அந்தச் செலவு கடைசியில வந்து நிக்கிறது உங்க சேலரி அக்கவுண்ட்லதான். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்கு வந்தவங்களுக்கு இந்தப் பதிவு ரொம்ப முக்கியம். மத்த மாவட்டத்துக்காரங்களுக்கும் கணக்கு இதேதான், ஊர் பேரை மட்டும் மாத்திப் படிங்க.

2023 டிசம்பர் ஞாபகம் இருக்கா?

டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயல்ல சென்னை மூழ்குச்சு. வேளச்சேரியிலயும் பள்ளிக்கரணையிலயும் மாடி ரூம்ல உட்கார்ந்து, ஊர்ல இருக்கிறவங்களுக்கு "நான் நல்லா இருக்கேன்"னு மெசேஜ் அனுப்பினவங்க நிறைய பேர். ரெண்டே வாரத்துல நிலைமை தலைகீழா மாறிப்போச்சு. டிசம்பர் 17, 18-ல தென் மாவட்டங்கள்ல பேய் மழை. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல சுமார் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூர்ல 69 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ஒரு ரயிலே பயணிகளோட மாட்டிக்கிச்சு.

தூத்துக்குடி, திருநெல்வேலி அளவுக்கு தென்காசி அடி வாங்கலை. ஆனா குற்றால மலையில பிறந்து, தென்காசி வழியா ஓடி, சீவலப்பேரி பக்கத்துல தாமிரபரணியில சேர்ற சிற்றாறு ஓரத்துல இருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. அருவியில குளிக்கத் தடைன்னு நமக்கு டிவி நியூஸ்ல வர்ற நாள்ல, கீழ இருக்கிற வயல்லயும் தொழுவத்துலயும் தண்ணி நிக்கும்.

அந்த டிசம்பர்ல இன்னொரு விஷயமும் நடந்துச்சு. பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 3 ரூபாய் கூட்டினாங்க. பசும்பாலுக்கு 35 ரூபாய், 38 ரூபாய் ஆச்சு. அது அமலுக்கு வந்த தேதி டிசம்பர் 18. மாடு வச்சிருக்கிறவங்களுக்கு நல்ல செய்தி வந்த அதே நாள்ல, தாமிரபரணிக் கரையில பலருக்கு மாடே இல்லை.

தென்காசிக்கு ரெண்டு மழை

பல மாவட்டங்களுக்கு வருஷத்துல ஒரு பெரிய மழைக்காலம்தான். தென்காசியோட மேற்கு ஓரத்துக்கு ரெண்டு. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற தென்மேற்குப் பருவக்காத்தும் சாரலும். டூரிஸ்ட்டுக்கு அது சீசன். மாட்டுக்கு, வாரக்கணக்கா காயாத தரை. அப்புறம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழைன்னு பெரியவங்க சொல்றது இதைத்தான்.

கிழக்க ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் சாரல் அவ்வளவா எட்டாது. அங்க வடகிழக்கு மழைதான் ஆதாரம். செம்மறியும் வெள்ளாடும் அதிகம். கரிசல் இருக்கிற இடத்துல ஒரு நல்ல மழை பெஞ்சாலே மண்ணு களியா மாறி காலைப் பிடிக்கும். ஆடு மேய வெளிய போக முடியாது, கிடையில நின்னாலும் ஈரம்.

வெள்ளச் சாவு வேற, சேத்துச் சாவு வேற

இந்தப் பதிவுல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துட்டுப் போறதா இருந்தா இந்த வித்தியாசத்தை எடுத்துக்கோங்க. ஏன்னா பணம் வருமா வராதாங்கிறது இதை வச்சுத்தான் முடிவாகுது.

வெள்ளத்துல மாடு அடிச்சுட்டுப் போனா ஊருக்கே தெரியும். நியூஸ்ல வரும், அதிகாரி வருவாங்க, கணக்கெடுப்பாங்க. சேத்துல சாகிற மாடு அப்படி இல்லை. மழை விட்டு பத்து நாள், இருபது நாள் கழிச்சு, யாரும் பார்க்காத நேரத்துல சாகும்.

என்ன நடக்குதுன்னா: ஒரு மாடு ஒரு நாளைக்கு 10-ல இருந்து 12 மணி நேரம் படுக்கணும். தரை முழுக்க சேறுன்னா படுக்காம நின்னுக்கிட்டே இருக்கும். அசை போடறது குறையும், பால் குறையும். சேத்துல ஊறின குளம்பு மிருதுவாகி, வெடிச்சு, அழுகும். நொண்டற மாடு தீவனத்தொட்டிக்கு நடக்க யோசிக்கும். சேத்துல படுத்தா மடியில கிருமி ஏறி மடிநோய் வரும். நனைஞ்ச கன்னுக்குட்டிக்கு நிமோனியா. வைக்கோல் படப்பு நனைஞ்சு பூஞ்சை பிடிச்சா அதைத் தின்ன மாட்டுக்கு வேற பிரச்சனை.

ஆட்டுக்கு இன்னும் மோசம். மழைக்கு அப்புறம் முளைக்கிற இளம் புல்லை வயிறு முட்ட மேஞ்சா துள்ளுமாரி. ஈர நிலத்துல நத்தை வழியா தட்டைப்புழு. சேறும் சாணியும் கலந்த இடத்துல பெருகற குட்டிப் பூச்சி கடிச்சு செம்மறிக்கு நீலநாக்கு நோய். தமிழ்நாட்டுல வடகிழக்குப் பருவமழை நேரத்துல வழக்கமா தலைகாட்டற நோய் இது.

"நம்ம ஊர்ல என்ன பனியா பெய்யுது, குளிர்ல மாடு சாகறதுக்கு?"ன்னு கேக்கலாம். ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்தோட வடபகுதி நம்மளை மாதிரியே வெயில் ஊர்தான். 2019 ஜனவரி கடைசியில ஆரம்பிச்சு பிப்ரவரி வரைக்கும் அங்க விடாத மழையும் காத்தும். அதுக்கு முன்னாடி பல வருஷ வறட்சியில மெலிஞ்சு போயிருந்த மாடுங்க, நனைஞ்ச உடம்போட சேத்துல சிக்கி நின்னுச்சு. சுமார் 5 லட்சம் மாடு செத்ததா மதிப்பீடு. நிறைய மாடு மூழ்கிச் சாகலை. ஈரத்துலயும் காத்துலயும் உடம்புச் சூடு இறங்கித்தான் செத்துச்சு. உடம்புல கொழுப்பு இல்லாத மாட்டுக்கு, 20 டிகிரியில காத்தோட அடிக்கிற மழையே போதும்.

கோடையில தீவனம் பத்தாம மெலிஞ்ச மாடு உங்க வீட்டுல இருந்தா, அக்டோபர்ல ரிஸ்க் அதுக்குத்தான் ஜாஸ்தி.

ஒரு மாடு போனா எவ்வளவு போகும்?

உதாரணக் கணக்கு. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே மாத்திப் பாருங்க.

மாட்டோட விலை 60,000 ரூபாய்னு வச்சுக்குவோம். தினமும் 7 லிட்டர் பால் சொசைட்டிக்குப் போகுது. 38 ரூபாய்னா ஒரு நாளைக்கு 266 ரூபாய், மாசம் கிட்டத்தட்ட 8,000. தீவனம், மருந்துன்னு பாதி போனாலும் கையில 4,000 நிக்கும். இந்த 4,000-லதான் வீட்டு மளிகை, கரண்ட் பில், அம்மாவோட பிபி மாத்திரை எல்லாம் ஓடுது. நீங்க மாசாமாசம் அனுப்பற தொகை சின்னதா இருக்கறதுக்குக் காரணமும் இதேதான்.

மாடு செத்துடுச்சு. அன்னையில இருந்து மாசம் 4,000 நின்னு போச்சு. புது மாடு வாங்க 60,000 வேணும். வழக்கமா நடக்கிறது என்ன? அப்பா கேக்க மாட்டாரு. அம்மாதான் போன்ல மெதுவா இழுப்பாங்க. நீங்க பர்சனல் லோன் ஆப்பைத் திறப்பீங்க. 14 சதவீத வட்டியில 24 மாசத்துக்கு எடுத்தா ஈஎம்ஐ சுமார் 2,880. வட்டி மட்டும் 9,000-க்கு மேல, பிராசசிங் கட்டணம் தனி. புது மாடு வந்து, பழகி, பால் கறக்கற வரைக்கும் ரெண்டு மாசம் ஆச்சுன்னா 8,000 வருமானம் போச்சு.

மொத்தத்துல 60,000 ரூபாய் மாடு, உங்க குடும்பத்துக்கு 77,000 ரூபாய் நஷ்டம். அது முழுக்க உங்க எஸ்ஐபி-யையும் எமர்ஜென்சி ஃபண்டையும் தின்னுட்டுப் போகும்.

அரசு நிவாரணம் எதுவரைக்கும் வரும்?

2023 டிசம்பர்ல தமிழக அரசு நிவாரணத் தொகையைக் கூட்டினாங்க. வெள்ளத்துல இறந்த மாடு, எருமைக்கு 30,000-ல இருந்து 37,500 ரூபாய். ஆட்டுக்கு 3,000-ல இருந்து 4,000 ரூபாய். பேரிடர் நிவாரண விதிகள்ல ஒரு குடும்பத்துக்கு உச்ச வரம்பும் உண்டு. கறவை இனத்துல பெரிய கால்நடைன்னா 3, சின்னதுன்னா 30.

இது பெரிய உதவிதான், சந்தேகம் இல்லை. ஆனா பிளானிங்னு பார்த்தா மூணு ஓட்டை இருக்கு.

முதல் ஓட்டை, தொகை. 60,000 ரூபாய் மாட்டுக்கு 37,500 வந்தா மீதி 22,500 உங்க கையில இருந்துதான்.

ரெண்டாவது, எல்லை. நிவாரணம் அறிவிப்பைப் பொறுத்தது. அதே 2023 டிசம்பர்ல திருநெல்வேலி, தூத்துக்குடியில கடுமையா பாதிச்ச பகுதிகள்ல ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் அறிவிச்சாங்க. தென்காசிக்கும் கன்னியாகுமரிக்கும் 1,000 ரூபாய். பாதிப்போட அளவை வச்சு அரசு எடுத்த முடிவு அது, குறை சொல்ல வரலை. உங்க தொழுவம் கோட்டுக்கு எந்தப் பக்கம் வரும்னு முன்கூட்டியே தெரியாதுன்னுதான் சொல்றேன்.

மூணாவதுதான் பெருசு. இது பேரிடர் நிவாரணம். வெள்ளம் வந்து மூணு வாரம் கழிச்சு நிமோனியாவுலயோ மடிநோய்லயோ செத்த மாட்டை இந்தக் கணக்குல சேர்க்கறது கஷ்டம். சேத்துச் சாவுக்கு அறிவிப்பு வராது. அங்கதான் இன்ஷூரன்ஸ் வேணும்.

கால்நடை இன்ஷூரன்ஸ்: எவ்வளவு ஆகும்?

தேசிய கால்நடை இயக்கம்னு மத்திய அரசுத் திட்டம் ஒண்ணு இருக்கு. இதுல மானியத்தோட கால்நடை இன்ஷூரன்ஸ் உண்டு. 2024 பிப்ரவரியில மத்திய அமைச்சரவை இதை எளிமையாக்குச்சு. முன்னாடி வளர்க்கிறவங்களோட பங்கு பிரீமியத்துல 20-ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் இருந்துச்சு. இப்போ 15 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் 60:40 விகிதத்துல பிரிச்சுக் கட்டும். ஒரு குடும்பத்துக்கு 10 கால்நடை யூனிட் வரைக்கும். ஒரு மாடுன்னா 1 யூனிட், பத்து ஆடுன்னா 1 யூனிட்.

கணக்கு போடலாம். பிரீமியம் 4 சதவீதம்னு வச்சுக்குவோம். உண்மையான விகிதம் கம்பெனியையும் பாலிசி வருஷத்தையும் பொறுத்து மாறும்.

ரெண்டு மாடு, ஒண்ணு 60,000 வீதம் 1,20,000 ரூபாய். இருபது ஆடு, ஒண்ணு 8,000 வீதம் 1,60,000 ரூபாய். மொத்தச் சொத்து 2,80,000 ரூபாய். 4 யூனிட்தான், வரம்புக்குள்ள இருக்கு. முழுப் பிரீமியம் 11,200. உங்க பங்கு 15 சதவீதம்னா 1,680 ரூபாய்.

வருஷத்துக்கு 1,680. மாசத்துக்கு 140 ரூபாய். ஒரு ஓடிடி சந்தா கணக்கு.

நம்மள்ல நிறைய பேர் மாசம் 5,000 எஸ்ஐபி போட்டு 2,80,000 சேர்க்க நாலு வருஷம் ஓடுவோம். ஊர்ல அதே 2,80,000 ஏற்கெனவே இருக்கு, தினமும் வருமானமும் குடுக்குது. ஆனா அது மேல ஒரு பாதுகாப்பும் இல்லாம மழையில நிக்குது.

ரெண்டு விஷயத்தைச் சொல்லிடறேன். மானியத் திட்டம் வருஷத்துக்கு இத்தனை கால்நடைன்னு இலக்கு வச்சு நடக்கிறது. தாமதமா போனா இந்த வருஷம் முடிஞ்சுடுச்சுன்னு சொல்ல வாய்ப்பிருக்கு. இன்ஷூர் பண்ற மதிப்புக்கு திட்டத்துல உச்ச வரம்பு இருந்தா, மாட்டோட முழு விலையும் கவர் ஆகாது. இதையெல்லாம் பக்கத்துல இருக்கிற கால்நடை மருந்தகத்துலதான் கேக்கணும். மானியம் கிடைக்கலைன்னா நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல், நேஷனல் மாதிரி பொதுத்துறை கம்பெனிகள்ல கால்நடை பாலிசி நேரடியாவே எடுக்கலாம். மேல சொன்ன கணக்குல, ஒரு மாட்டுக்கு முழுப் பிரீமியம் 2,400. மானியம் இல்லாமலேயே இது கட்டுப்படியாகும்னுதான் சொல்வேன்.

க்ளெய்ம் எங்க மாட்டிக்குது?

இன்ஷூரன்ஸ் எடுத்தும் பணம் வரலைன்னு சொல்றவங்க கதையைக் கேட்டா, பெரும்பாலும் இந்த அஞ்சுல ஒண்ணாத்தான் இருக்கும்.

1. காது வில்லை. மாட்டுக் காதுல மஞ்சள் கலர்ல 12 இலக்க எண்ணோட இருக்குமே, அதுதான் மாட்டோட ஆதார். பாலிசியில இருக்கிற எண்ணும் காதுல இருக்கிற எண்ணும் ஒண்ணா இருக்கணும். வில்லை இல்லைன்னா க்ளெய்ம் இல்லை, இதுதான் இந்தத் தொழில்ல முதல் விதி. முள்ளுல மாட்டி வில்லை அறுந்து விழுந்தா உடனே புதுசு போட்டு, புது எண்ணை கம்பெனிக்கு எழுத்துல தெரிவிக்கணும்.

2. தடுப்பூசி பதிவு. கோமாரி, தொண்டை அடைப்பான், சப்பை நோய் மாதிரி நோய்கள்ல செத்தா, தடுப்பூசி போட்ட சான்று இருந்தாத்தான் பல பாலிசிகள் பணம் தரும். கோமாரி ஊசி அரசு முகாம்ல இலவசம். அதுக்கு மாட்டைக் கூட்டிட்டுப் போகாம விட்டா, ஊசி மட்டும் போகாது, க்ளெய்மும் சேர்ந்து போகும்.

3. ஆரம்பக் காத்திருப்பு. பாலிசி எடுத்த முதல் சில வாரத்துல நோய்ல செத்தா வழக்கமா கவர் ஆகாது. நவம்பர்ல மாடு இருமறதைப் பார்த்துட்டு பாலிசி எடுக்க ஓடினா பிரயோஜனம் இல்லை.

4. பிரேதப் பரிசோதனை. மாடு செத்தவுடனே கம்பெனிக்குத் தகவல், அரசு கால்நடை மருத்துவருக்குத் தகவல். அவர் வந்து பார்த்து அறிக்கை தர்ற வரைக்கும் புதைக்கக் கூடாது. அரசுத் திட்டத்துல க்ளெய்முக்கு நாலு பேப்பர் போதும்னுதான் விதியே இருக்கு: தகவல் கடிதம், பாலிசி, க்ளெய்ம் படிவம், பிரேதப் பரிசோதனை அறிக்கை. இதுல கடைசிப் பேப்பரை மட்டும் அப்புறமா உருவாக்க முடியாது.

5. காணாமப் போனது. திருட்டும், காணாமப் போறதும் பல பாலிசிகள்ல கவர் ஆகாது. வெள்ளம் இழுத்துட்டுப் போய் உடலும் கிடைக்கலை, வில்லையும் கிடைக்கலைன்னா நிலைமை சிக்கல். எடுக்கும்போதே வெள்ளத்துல அடிச்சுட்டுப் போனா என்ன பண்ணணும்னு கேட்டு, பதிலை பாலிசி பேப்பர்ல காட்டச் சொல்லுங்க. அப்படியே நிரந்தர ஊனத்துக்கும் கவர் உண்டான்னு கேளுங்க. செத்துப் போகாம, கறவையே நின்னு போற மாடும் நஷ்டம்தானே.

ஆதாரம் எவ்வளவு முக்கியம்னு அமெரிக்காவுல தெற்கு டகோட்டாக்காரங்களைக் கேட்டா தெரியும். 2013 அக்டோபர் முதல் வாரம். மாடுங்களுக்கு குளிர்கால ரோமம் இன்னும் வளரலை. முதல்ல மழையில நனைஞ்சுச்சு, அது மேலயே பனிப்புயல் அடிச்சுது. ஆயிரக்கணக்குல மாடுங்க செத்துச்சு. கால்நடை இழப்புக்குப் பணம் தர்ற அரசுத் திட்டத்தோட சட்டம் அந்த நேரம் பார்த்து காலாவதி ஆகியிருந்துச்சு. எல்லாரும் கையை விரிச்ச அந்த நேரத்துல வளர்க்கிறவங்களுக்குச் சொன்ன அறிவுரை ஒண்ணுதான்: போட்டோ எடுங்க, எண்ணி வைங்க, வெளியாள் ஒருத்தர்கிட்ட உறுதி வாங்குங்க. 2014-ல புதுச் சட்டம் வந்தப்போ பழைய இழப்புக்கும் சேர்த்துப் பணம் தந்தாங்க. அப்போ கையில ஆதாரம் வச்சிருந்தவங்க சுலபமா விண்ணப்பிச்சாங்க.

அப்பாகிட்ட எப்படிப் பேசறது?

நீங்க இன்ஷூரன்ஸ்னு ஆரம்பிச்சா, "நம்ம மாட்டுக்கெல்லாம் ஒண்ணும் ஆவாதுப்பா, நான் என்ன இன்னைக்கா மாடு வளக்கேன்"னு ஒரு பதில் வரும். அதுல நியாயமும் இருக்கு. மாட்டைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியாது. வாதம் பண்ணாதீங்க. "எப்பா, மாட்டுப் பக்குவம் நீங்க பாருங்க, பேப்பர் வேலையை நான் பாக்கேன்"னு சொல்லிடுங்க. பணத்தை நீங்க கட்டுங்க. பாலிசி அவர் பேர்ல இருக்கட்டும், போட்டோ காப்பி உங்க போன்ல இருக்கட்டும்.

ஊர் ஃபண்ட்

உங்க எமர்ஜென்சி ஃபண்ட் உங்க வேலை போனா, உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா பயன்படுத்தறதுக்கு. ஊருக்குன்னு தனியா ஒரு சின்ன ஃபண்ட் வேணும். ஜனவரியில இருந்து செப்டம்பர் வரைக்கும் மாசம் 1,500 ரூபாய் ஆர்டி போட்டா, மழைக்கு முன்னாடி 13,500 கையில இருக்கும். க்ளெய்ம் பணம் வர்ற வரைக்கும் வீடு ஓடணும். மழை நாள்ல மேய்ச்சல் இல்லாததால தீவனம் விலைக்கு வாங்கணும். டாக்டர் செலவு, மருந்து. இதுக்கெல்லாம் இந்தப் பணம். மழைக்காலம் நல்லபடியா முடிஞ்சா அப்படியே பொங்கலுக்கு எடுத்துக்கோங்க, யாரும் கேக்க மாட்டாங்க.

தீவனம், மருந்து மாதிரி நடைமுறைச் செலவுக்குக் கடன் வேணும்னா பர்சனல் லோன் பக்கமே போகாதீங்க. மாடு வளர்க்கிறவங்களுக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. 2 லட்சம் வரைக்கும் 7 சதவீத வட்டி, ஒழுங்கா திருப்பிக் கட்டினா வட்டிச் சலுகையோட 4 சதவீதம். 14-க்கும் 4-க்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும்.

சேத்தைக் குறைக்கிற செலவுதான் முதல் பிரீமியம்

பாலிசி செத்த மாட்டுக்குப் பணம் தரும். குறைஞ்ச பாலுக்குத் தராது. அதனால போனஸ் வந்தா அதுல கொஞ்சம் தொழுவத்துத் தரைக்குப் போகட்டும். ரெண்டு மூணு லோடு கிராவல் அடிச்சு தரையை உசத்தி, ஒரு பக்கமா சரிவு விட்டு, மூத்திரமும் மழைத்தண்ணியும் வெளிய ஓட ஒரு வாய்க்கால். சாரல் அடிக்கிற பக்கத்துல ஒரு தார்ப்பாய். ஆட்டுக்கு முடிஞ்சா பரண். வைக்கோல் படப்புக்கு அடியில கல்லோ கட்டையோ வச்சு உசத்தி, மேல மூடணும். இதுக்கெல்லாம் பெரிய டெக்னாலஜி எதுவும் வேண்டாம்.

காசே ஆகாத ஒரு வேலையும் இருக்கு. வெள்ளம் வரும்னு எச்சரிக்கை வந்தா மாட்டை மேட்டுக்கு ஓட்டணும். ஓட்ட நேரம் இல்லைன்னா கயித்தையாவது அவிழ்த்து விடணும். கட்டுத்தறியில கட்டின மாட்டுக்கு நீச்சல் தெரிஞ்சும் பிரயோஜனம் இல்லை. அவிழ்த்து விட்ட மாடு பக்கத்து ஊர்ல கரையேறினா, காது வில்லை எண்ணை வச்சு யார் மாடுன்னு கண்டுபிடிக்கலாம்.

மாசவாரியா என்ன செய்யணும்?

ஜூலை, ஆகஸ்ட்: காது வில்லை இருக்கான்னு பார்க்கணும். கால்நடை மருந்தகத்துல மானிய இன்ஷூரன்ஸ் இருக்கான்னு கேக்கணும். குடற்புழு மருந்து, தடுப்பூசி.

செப்டம்பர்: பாலிசி கையில இருக்கணும், காத்திருப்புக் காலம் அடைமழைக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். தரை வேலை முடியணும். ஒவ்வொரு மாட்டுக்கும் நாலு போட்டோ: ரெண்டு பக்கவாட்டு, முகம், வில்லை எண் தெரியற மாதிரி காது. ஆட்டுக்கு மந்தையோட எண்ணிக்கை தெரியற மாதிரி ஒரு வீடியோ. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க, தேதியோட பதிவாயிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர்: உடம்பு சரியில்லாத மாட்டுக்கு 1962-க்குக் கூப்பிட்டா நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். மருத்துவர் நம்பர், கிராம நிர்வாக அலுவலர் நம்பர், இன்ஷூரன்ஸ் கம்பெனி நம்பர் மூணும் அம்மா போன்லயும் உங்க போன்லயும் சேவ் ஆகியிருக்கணும்.

ஜனவரி: பாலிசி எப்போ முடியுதுன்னு பார்த்து ரிமைண்டர் போடுங்க. வித்த மாடு, புதுசா வாங்கின மாடு, பிறந்த கன்னு எல்லாத்தையும் திருத்தி எழுதுங்க. விதை நெல் மாதிரி இந்தக் கணக்கும், வருஷா வருஷம் எடுத்து வைக்கணும்.

இன்னைக்கு ராத்திரி ஊருக்குப் பேசும்போது, "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டதுக்கு அப்புறம் மூணே மூணு கேள்வி கேளுங்க. மாட்டுக்குக் காதுல வில்லை இருக்கா? கடைசியா எப்போ ஊசி போட்டீங்க? தொழுவத்துல தண்ணி நிக்குதா?

மூணுல எதுக்காவது "தெரியலையே"ன்னு பதில் வந்தா, உங்களோட இந்த மாசத்து நிதித் திட்டம் அங்க இருந்துதான் ஆரம்பிக்குது. பிரீமியக் கணக்கை உங்க ஊர் விலையில எப்படிப் போடறதுன்னு வீடியோவுல ஸ்டெப் பை ஸ்டெப்பா காட்டியிருக்கேன். ஊர்ல மாடு வச்சிருக்கிற உங்க ரூம்மேட்டுக்கும் அனுப்பி விடுங்க. அடுத்த பதிவுல பார்க்கலாம்!